பச்சையாகவே காய்ந்த இலை: வீட்டில் புகையிலை பதப்படுத்திய ஒரு குடும்பத்தின் பருவம்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டாரத்தில், கிணற்றுப் பாசனத்தோடு இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கடந்த பருவத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பெரியவருக்கு வயது 74. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நிலத்தைக் கவனிப்பவர்கள் மகனும் மருமகளும். நான் வேளாண் விரிவாக்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். மகனின் நண்பர் என்ற முறையில் பாதி வழியில் இதற்குள் வந்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்துக்குப் புகையிலை புதிதல்ல. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் ராஜமுந்திரியில் தொடங்கப்பட்டது. மெல்லும் புகையிலைக்கென அதன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேடசந்தூரிலேயே உள்ளது. இங்குள்ள பல கிணறுகளின் உவர்நீர் மற்றப் பயிர்களுக்குத் தொல்லை என்றாலும், மெல்லும் புகையிலைக்கு அது ஒத்துப்போகிறது. நீரிலுள்ள குளோரைடு இலையில் சேரும்போது இலை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, எளிதில் நொறுங்குவதில்லை. ஆனால் அதே குளோரைடு இலையைச் சரியாக எரியவிடாது என்பதால், இந்த நீரில் விளையும் இலை சிகரெட்டுக்கு உதவாது. புகையிலை வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் சிகரெட்டுக்கான வர்ஜீனியா வகைக்கு உரியது. இவர்கள் பயிரிட்டது நாட்டு மெல்லும் வகை.

கடையில் வாங்கும் இலையில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் பெரியவருக்கு இருந்தது. தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொள்ளலாம் என்று கிணற்று மேட்டில் 64 கன்றுகளை அக்டோபர் 17 அன்று நட்டார்கள். வரிசைக்கு வரிசையும் செடிக்குச் செடியும் 75 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒன்பது இலை அளவில் நிறுத்தி நுனியைக் கிள்ளினார்கள். அதன்பின் கணுக்களில் துளிர்த்த பக்கச் சிம்புகளை வாரம் ஒருமுறை ஒடித்தார்கள். இதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. டிசம்பர் கடைசியில் செடிகள் சற்று வெளிறித் தெரிந்ததைக் கண்டு மகன் ஒரு கை யூரியா கூடுதலாக இட்டார். அதன் விளைவு பின்னால்தான் தெரிந்தது.

முதல் அறுவடை

பொங்கல் கழிந்த மறுவாரம், ஜனவரி 20 அன்று, நட்ட 95-ஆம் நாளில் முதல் 30 செடிகளின் இலைகளை எடுத்தார்கள். எப்படி எடுப்பது என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் கருத்து வேறுபட்டது. செடியைத் தண்டோடு அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்றார் பெரியவர். மகன் கைபேசியில் பார்த்திருந்த ஒரு காணொளியில், குளிர்நாட்டுக்காரர் ஒருவர் இலைகளைத் தனித்தனியாகப் பறித்துக் கம்பியில் கோத்துக் காற்றாட விட்டிருந்தார். தண்டில்லாமல் பறித்தால் இடம் மிச்சம், வேலையும் சுலபம் என்று மகனுக்குத் தோன்றியது. பெரியவர் வற்புறுத்தவில்லை.

காலை ஆறரை மணிக்கே பறிக்கத் தொடங்கினார்கள். அன்று பனி கடுமையாக இருந்ததால் இலைகள் நீர் சொட்டச் சொட்ட இருந்தன. மருமகள் பறித்த இலைகளை மார்போடு அணைத்து வரப்புக்குக் கொண்டுவந்து அடுக்கினார். சேலையின் முன்பக்கமும் இரு கைகளும் முழுக்க நனைந்துவிட்டன. பதினோரு மணியளவில் அவருக்குத் தலை சுற்றியது, குமட்டியது, பிற்பகலுக்குள் நான்கு முறை வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் வெயிலில் நின்றதால் வந்த பித்தம் என்று வீட்டில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மறுநாள் மாலைதான் தெளிந்தார். பெரியவரும் அதே இலைகளைத்தான் தூக்கினார், அவருக்கு ஒன்றுமில்லை. அதனாலேயே இலையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சுமார் 270 இலைகளையும் சணல் கயிற்றில் கோத்து, மாடியில் தகரக் கூரையின் கீழ் கட்டினார்கள். கூரைக்கடியில் நண்பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதைப் பின்னர் அதே இடத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது அறிந்தேன். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. நான்காம் நாளே இலை ஓரங்கள் மொறுமொறுத்தன. ஆறாம் நாளில் கையால் தொட்டால் நொறுங்கும் அளவுக்கு இலைகள் காய்ந்துவிட்டன. நிறம் மட்டும் மாறவில்லை. வேப்பிலையைக் காயவைத்தது போன்ற பச்சை. முகர்ந்தால் வைக்கோல் மணம்.

காய்ந்ததைத் திருத்த முயன்றது

நிறம் வரவில்லை என்றால் ஈரம் போதவில்லை என்று மகன் கருதினார். ஜனவரி 27 அன்று இலைகளின் மேல் நீர் தெளித்து, அடுக்கி, பிளாஸ்டிக் தார்ப்பாயால் சுற்றி, மேலே கல் ஏற்றி வைத்தார். பிப்ரவரி 2 அன்று பிரித்தபோது அடுக்கின் நடுவில் வெண்மையும் சாம்பல் பச்சையுமான பூசணம் படர்ந்திருந்தது. மறுநாள் என்னை அழைத்தார்கள்.

நான் கண்டவை

இலைகளைப் பார்த்தவுடன் தெளிவான ஒன்று, அவை பதப்படாமல் வெறுமனே காய்ந்திருந்தன என்பது. மிளகாயைக் காயவைப்பதுபோல் புகையிலையைக் காயவைக்க முடியாது. பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. பல நாள் மூச்சுவிடுகிறது. அந்த நாட்களில் உணவு வரத்து நின்றுபோன இலை தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கித் தின்கிறது, பச்சையத்தை உடைக்கிறது, மஞ்சளாகிறது. இத்தனையும் உயிருள்ள திசுவில், போதிய நீர் இருக்கும்போது மட்டும் நடக்கும் வேலைகள். மஞ்சளான பின்புதான் உயிரணுக்கள் செத்து, உள்ளேயிருக்கும் பொருள்கள் காற்றோடு கலந்து பழுப்பு நிறம் வர வேண்டும். மஞ்சளாகும் முன்பே நீரை உறிஞ்சிவிட்டால் பச்சை அப்படியே நின்றுபோகும். பிறகு எவ்வளவு நீர் தெளித்தாலும் செத்த இலை அந்த வேலையைத் தொடங்காது. தெளித்த நீரில் வளர்வது பூசணம் மட்டுமே.

பெரியவர் சொன்ன தண்டோடு அறுக்கும் முறையின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. தண்டில் நிறைய நீர் உண்டு. தலைகீழாகத் தொங்கும் செடியில் அந்த நீர் இலைக்குச் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருப்பதால், எங்கள் பக்கத்து வறண்ட காற்றிலும் இலை அவசரமாகக் காய்வதில்லை. “தண்டோட தொங்குனாத்தான்யா இலை மிச்சச் சோத்தத் தின்னுட்டு நிதானமாச் சாகும்” என்று பெரியவர் என்னிடம் சொன்னார். பணிக்காலத்தில் நான் கொடுத்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக அமைந்ததில்லை. காணொளியில் காட்டிய முறையிலும் தவறில்லை. அது குளிர்ந்த, ஈரமான காற்றுள்ள நாட்டுக்கு உரியது. அங்கே இலை காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். தண்டின் நீர் அங்கே தொல்லையாகக்கூட ஆகலாம்.

இரண்டாவதாக, இலைகள் முதிராமல் பறிக்கப்பட்டிருந்தன. முதிர்ந்த புகையிலை இலையின் மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருக்கும், அங்கங்கே மஞ்சள் தேமல் விழும், மடித்தால் வெடுக்கென்று ஒடியும். டிசம்பர் கடைசியில் இட்ட யூரியா இலையை மறுபடி பச்சைக்குத் திருப்பி முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டிருந்தது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த இலை எளிதில் மஞ்சளாவதில்லை. பதப்படுத்தும்போது அதில் எஞ்சியிருக்கும் நைட்ரேட் வேறொரு கேட்டுக்கும் வழி வைக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, மருமகளின் வாந்தி. நான் தற்செயலாக, பறிக்கும்போது யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதா என்று கேட்டபோதுதான் அந்தச் செய்தி வெளியே வந்தது. நிக்கோடின் நீரில் கரையக்கூடியது. பனியிலும் மழையிலும் நனைந்த இலையைத் தொடும்போது அது தோல் வழியாக உடலுக்குள் போகிறது. சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல், தளர்ச்சி வரும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். புகையிலை பழகியவர்களின் உடல் நிக்கோடினைத் தாங்கப் பழகியிருப்பதால் அவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருக்கும். பெரியவருக்கு ஒன்றும் ஆகாததும், வாழ்நாளில் புகையிலையைத் தொடாத மருமகள் துவண்டதும் இதனால்தான். இதை ஒரு வேளாண்மைப் பணியாளன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கூலிக்கு இலை பறிக்கும் பெண்களிடம் இந்த அறிகுறிகள் பித்தம் என்றும் வெயில் என்றும் பல காலமாகத் தள்ளப்பட்டுவந்திருக்கின்றன, என் பணிக்காலத்தில் நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பூசணம் பிடித்த இலை முழுவதையும் கழித்துவிடுவது. பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை; மேலாகத் துடைத்து, வெயிலில் போட்டு, கருப்பட்டித் தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும் என்றார். நான் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். பூசணத்தைத் துடைத்தாலும் அது இலைக்குள் விட்ட நச்சு போகாது. அதோடு, ஈரமும் வெப்பமும் சேர்ந்து அடைபட்ட இலையில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டு நிக்கோடின் போன்ற பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. மெல்லும் புகையிலையால் வாய்ப்புற்றுநோய் வருவதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. தழைச்சத்து மிகுந்து, நீர் தெளித்து, பிளாஸ்டிக்கில் ஆறு நாள் மூடி வைத்த இலை இதற்கு ஏறக்குறைய எல்லா வசதியையும் செய்து கொடுத்த இலை. பூசணம் இல்லாமல் நன்றாகப் பதப்பட்ட இலையும் பாதுகாப்பானது அல்ல, வீட்டில் விளைந்தது என்பதால் அதன் கேடு குறைவதில்லை என்பதையும் அப்போதே பெரியவரிடம் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். இலைகளை மாடுகள் எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இரண்டாவது முடிவு, மிச்சமிருந்த 34 செடிகளில் விதைக்கு இரண்டை, பக்கச் சிம்பை ஒடிக்காமல் பூக்கவிட்டு, 32 செடிகளை முதிரும் வரை நிற்கவிடுவது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும் பயிர் இது. இரண்டு செடியின் விதையே அந்த வீட்டுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும். யூரியா நிறுத்தப்பட்டது; அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நீரும் குறைக்கப்பட்டது.

மூன்றாவது, இடத்தை மாற்றுவது. மாட்டுத் தொழுவத்தையும் யோசித்தோம். புகையிலை அண்டையிலுள்ள எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் கைவிட்டோம். கிணற்றடியில் வைக்கோல் போட்டு வைத்திருந்த தென்னங்கீற்றுக் கொட்டகையைக் காலி செய்து, மேற்குப் பக்கத்தில் கீற்றுத் தட்டி கட்டினோம். தரை மண் தரை. நண்பகலில் அதில் நீர் தெளித்து, தட்டியில் ஈரச் சாக்கு தொங்கவிட்டபோது, மாடியில் 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த அதே நேரத்தில் கொட்டகைக்குள் ஈரப்பதமானி 62 முதல் 68 வரை காட்டியது. வேதாரண்யத்திலும் யாழ்ப்பாணத்திலும் செய்வதுபோல் புகை போட்டால் என்ன என்று மகன் கேட்டார். அது வேறொரு கைத்திறன். அதற்கான கொட்டிலும் அனுபவமும் எங்களிடம் இல்லை என்பதால் அதில் இறங்கவில்லை.

நான்காவது, பறிக்கும் முறை. பனி முற்றிலும் உலர்ந்த பிறகு, மாலையில்தான் அறுவடை. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை கட்டாயம். முடிந்தவுடன் உடை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. மருமகள் இலையைத் தொடும் எந்த வேலைக்கும் வர வேண்டியதில்லை என்றும் பேசி முடித்தோம். “நீ கணக்கு மட்டும் எழுதும்மா, போதும்” என்று பெரியவரே சொன்னார். நாள்தோறும் வெப்பம், ஈரப்பதம், நிறம் ஆகியவற்றை மருமகள் குறித்து வைத்த நோட்டுப் புத்தகம்தான் இந்தப் பதிவுக்கு ஆதாரம்.

இரண்டாம் அறுவடையும் தொடர்ந்ததும்

பிப்ரவரி 12 மாலை நான்கு மணிக்கு, நட்ட 118-ஆம் நாளில், 32 செடிகளையும் அடித்தண்டில் அறுத்து வரப்பில் சாய்த்து வைத்தார்கள். இரவு முழுதும் வாடிய செடிகளை மறுநாள் பனி உலர்ந்த பின் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். வாடிய இலை துவண்டிருப்பதால் தூக்கும்போது கிழிவதில்லை. தண்டின் அடியில் கயிறு கட்டி, மூங்கில் கழிகளில் ஒரு முழத்துக்கு ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கவிட்டோம்.

ஐந்தாம் நாள் கீழிலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஒன்பதாம் நாளில் ஏறக்குறைய எல்லா இலைகளும் எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டன. முதல் முறை வராத நிறம் கண்ணெதிரே வந்ததைப் பார்க்கப் பெரியவர் தினமும் மூன்று முறை கொட்டகைக்குப் போனதாக நோட்டில் எழுதியிருக்கிறது.

அடுத்து நடந்தது என் தவறு. மஞ்சளாகும் வரைதான் ஈரத்தைக் காக்க வேண்டும். மஞ்சளான பின் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். நான் இடையில் நான்கு நாள் வெளியூர் போயிருந்தேன். போகும்முன் தரையில் நீர் தெளிப்பதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தார்கள். 14-ஆம் நாள் கொட்டகையில் ஊசிய வாடை அடிப்பதாக மருமகள் தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தபோது, ஈரச் சாக்கை ஒட்டித் தொங்கிய மூன்று செடிகளில் இலை தண்டோடு சேரும் இடம் கறுத்து வழவழத்திருந்தது. ஒன்றில் பூசணமும் இருந்தது. மூன்றையும் அப்புறப்படுத்தினோம். மேற்குத் தட்டியை அவிழ்த்து, செடிகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, காலை இரண்டு மணி நேரம் இளவெயில் படுமாறு கழிகளைக் கொட்டகையின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினோம். வாடை இரண்டு நாளில் போய்விட்டது.

20-ஆம் நாளில் இலைப் பரப்பு முழுவதும் பழுப்புக்கு வந்தது. எடுத்துவிடலாமா என்று மகன் கேட்டார். நான் அவரிடம் நடுக்காம்பை மடித்துப் பார்க்கச் சொன்னேன், வளைந்தது, ஒடியவில்லை. இலைப் பரப்பு காய்ந்து நடுக்காம்பில் ஈரம் நிற்கும்போது அடுக்கிவைத்தால், அந்த ஈரம் அடுக்குக்குள் பரவிப் பூசணத்தில் முடியும். வீட்டில் பதப்படுத்துவோர் பலர் கடைசி நேரத்தில் இழப்பது இங்கேதான். கீழிலைகளின் காம்பு 27-ஆம் நாளிலும், தடித்த மேலிலைகளின் காம்பு 36-ஆம் நாளிலும் விறகுக்குச்சிபோல ஒடிந்தது. மறுநாள் விடியற்காலையில், இரவுப் பனி இலையை இளக்கி நொறுங்காமல் வைத்திருந்த நேரத்தில், இலைகளைத் தண்டிலிருந்து கழற்றினார்கள். வெயில் ஏறிய பின் இதைச் செய்திருந்தால் பாதி தூளாகியிருக்கும். எடை 4.6 கிலோ.

இலையை அம்பாரமாக அடுக்கி, உள்ளே சூடேற ஏற மாற்றி அடுக்கிப் புளிக்கவைக்க வேண்டும் என்பது பெரியவர் அறிந்த பழைய முறை. வியாபாரிகள் அடுக்குவது நூற்றுக்கணக்கான கிலோ. அந்த அளவில்தான் அடுக்கு தானாகச் சூடேறும். ஐந்து கிலோவுக்கும் குறைவான இலை சூடேறாது, ஈரமாக உட்கார்ந்திருக்கும். கருப்பட்டித் தண்ணீர் தெளித்தால் இனிப்பும் சேர்ந்து பூசணத்துக்கு விருந்தாகும். ஆகையால் அரைக் கிலோ இலைக்கு மட்டும், பெரியவரின் விருப்பத்துக்காக, லேசாகத் தெளித்து நிழலில் உலர்த்தினோம். மிச்சத்தை அப்படியே பனையோலைப் பாயில் சுற்றிச் சிப்பம் கட்டிப் பரணில் வைத்தார்கள். எதிர்பார்த்தபடியே, கருப்பட்டி தெளித்த அரைக் கிலோவில் மூன்று வாரத்தில் பூசணப் புள்ளிகள் தெரிந்தன; அதையும் கழித்தார்கள். சிப்பத்துக்குக் கேடில்லை.

விளைவு

64 செடி நட்டு, கடைசியில் கைக்கு வந்தது நான்கு கிலோவை ஒட்டிய இலை. நிறம் அடர்பழுப்பு, மணத்தில் பச்சை வாடை இல்லை. காரம் தன் தகப்பனார் காலத்து இலைபோல இருக்கிறது என்று பெரியவர் சொன்னார்.

ஏப்ரலில், என் வற்புறுத்தலின் பேரில், மகன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வாயைப் பரிசோதிக்கச் செய்தார். கன்னத்தின் உட்புறத்தில், புகையிலையை அடக்கிவைக்கும் இடத்தில், வெள்ளைத் தடிப்பு ஒன்று இருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை. ஆனால் பழக்கத்தை விட வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். பெரியவர் முழுதாக விடவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போட்டவர் இப்போது இரண்டு முறை போடுகிறார், அதுவும் மறு கன்னத்தில். இடம் மாற்றினால் ஆபத்து குறையாது என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்லிவருகிறேன்.

அடுத்த பருவத்தில் மாறுபவை

மகன் 64 செடிக்குப் பதில் 20 செடிதான் நடப்போவதாகச் சொல்கிறார். தந்தை குறைத்துக்கொண்ட அளவுக்கு அதுவே மிகுதி என்பது அவர் கணக்கு. எஞ்சும் இடத்தில் சின்ன வெங்காயம் வைப்பதாக இருக்கிறார்கள். நுனி கிள்ளிய பின் யூரியா கிடையாது. இலையின் நிறத்தை வைத்து இரண்டு கட்டளைகள் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதப்பட்டுள்ளன: மஞ்சளாகும் வரை தரையில் நீர், மஞ்சளான அன்றே நீர் நிறுத்தம். என் தவறு இன்னொரு முறை நேராமலிருக்க மருமகள் எழுதி வைத்தது அது.

கையுறை இரண்டு இணை கூடுதலாக வாங்கப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் புகையிலை பறிக்க வரும் நான்கு பெண்களிடம் தனக்கு நேர்ந்ததை மருமகள் சொல்லியிருக்கிறார். அவர்களில் இருவர் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை நாட்களில் தங்களுக்கும் அப்படித்தான் வாந்தி வரும் என்றார்களாம். அந்தத் தோட்டக்காரரிடம் பேசி, பனி உலர்ந்த பிறகு வேலையைத் தொடங்கக் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.